அலைக் கணக்குக்கு ஆடிட்டர் யார்?

நான் படித்தது பி.காம். கடல் அலையைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று நீங்கள் கேட்பதற்குள் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒன்றும் கிடையாது. பிளஸ் டூவில் ஃபிசிக்ஸைக் கண்டு பயந்து காமர்ஸ் குரூப்புக்கு ஓடியவன் நான். ஆனால் காலேஜில் மூன்று வருடம் ஒரே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றி அனுப்பினார்கள். கணக்கு எழுதியவர் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும், அதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததைப் பணம் போட்டவர் கண்ணில் காட்ட வேண்டும். இந்த வாரம் நான் சொல்லப் போவது அந்தப் பாடத்தைத் தாண்டி ஓர் அங்குலம்கூடப் போகாது. பயப்படாமல் படிக்கலாம்.

பேப்பரில் அடிக்கடி வரும் ஒரு குட்டிச் செய்தி. உள்பக்கத்தில், வலது ஓரத்தில், நாலே வரியில் இருக்கும். ‘துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மீனவர் பலி.’ கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இந்த நாலு வரி எத்தனையோ முறை வந்துவிட்டது. நாமும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.

திருப்புவதற்கு முன்னால் அந்த ‘முகத்துவாரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த மனுஷன் நடுக்கடலில் சாகவில்லை. ராத்திரி முழுக்க ஆழ்கடலில் கிடந்துவிட்டு, மீனும் கையுமாகத் திரும்பி வந்து, வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் செத்திருக்கிறார். அவர் பாதுகாப்பாகக் கரை சேர வேண்டும் என்பதற்காகவே கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய துறைமுகத்தின் வாசலில் செத்திருக்கிறார்.

எல்லை தாண்டிப் போனாலும் இதே கதைதான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் முதலப்பொழி என்று ஓர் இடம். வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலில் சேருகிற வாய். இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நடுவில் சரியில்லை என்று வடிவத்தை மாற்றியும் கட்டினார்கள். 2023 ஜூலையில் ஒரே படகில் போன நான்கு பேர் அந்த வாயில் செத்தார்கள். அதுவரை அங்கே போன உயிர்கள் அறுபதுக்கும் மேல் என்று கேரளப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. 2025 ஏப்ரலில் வேறொரு கூத்து. வாயையே மணல் மூடிவிட்டது, படகு வெளியே போகவே வழியில்லை.

சரி, இதில் கணக்கு எங்கே வருகிறது?

ஒரு துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் இந்த வேலைக்குப் பெயர் போன இடம் புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். 1916ல் ஆரம்பித்தது. பெரிய பெரிய கொட்டகைக்குள் துறைமுகத்தைச் சிறிதாகக் கட்டி, செயற்கை அலை அடித்துப் பார்த்தவர்கள். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. ஆள் பலத்துக்கோ மூளைக்கோ இங்கே பஞ்சம் கிடையாது.

எப்படிச் செய்கிறார்கள்? கடற்படுகையைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆழம் என்று நிரப்புகிறார்கள். வெளிக்கடலிலிருந்து ஓர் அலையை உள்ளே அனுப்புகிறார்கள். இத்தனை அடி உயரம், இத்தனை விநாடிக்கு ஒன்று, இந்தத் திசை என்று. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும், திசை வளையும். சுவரின் முனையைத் தொட்டதும், நிழலாக இருக்கும் உள்பக்கத்துக்கும் சுற்றிக்கொண்டு போகும். செங்குத்தான கான்கிரீட் சுவரில் மோதினால் ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும். சரிவாகக் கொட்டிய கல்லில் மோதினால் பாதிக்கு மேல் அங்கேயே அடங்கிவிடும். இத்தனையையும் சேர்த்து ஒவ்வொரு கட்டத்திலும் அலை எவ்வளவு எழும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. 1872ல் பூசினெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சமன்பாடுகளின் வாரிசுகள் ஒரு பக்கம். சரியாக நூறு வருடம் கழித்து, 1972ல் பெர்க்காஃப் என்ற டச்சுக்காரர் கொடுத்த சமன்பாடு இன்னொரு பக்கம். உலகம் முழுக்கத் துறைமுகங்களுக்குள் அலையைக் கணக்குப் போடுவது பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களை வைத்துத்தான். கடைசியில் நீலம், பச்சை, சிவப்பு என்று கலர் கலராக ஒரு படம் வரும். உள்ளே முழுக்க நீலமாக இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஃபைல் நகரும். டெண்டர் விடப்படும்.

இந்த விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் சண்டையெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்கிற காரியத்தோடுதான்.

அந்தக் கம்ப்யூட்டரிடம் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி என்ன தெரியுமா? ‘உள்ளே கட்டியிருக்கும் படகு ஆடுமா?’ படகு கட்டும் இடத்தில் அலை ஏதோ ஓரடிக்கு மேல் எழக்கூடாது, வருடத்தில் இத்தனை நாளுக்கு மேல் அந்த வரம்பைத் தாண்டக்கூடாது என்று ஒரு தேர்வு. அதில் பாஸ் ஆகிவிட்டால் துறைமுகம் பாஸ். நல்ல கேள்விதான். ஆனால் ஆள் சாவது உள்ளே அல்லவே?

குமரி மேற்குக் கரையில் ஓர் ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, வயதான மீனவர் ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். “சாரே, வீட்டுக்குள்ள கட்டில் ஆடுமா ஆடாதான்னு பாத்துப் பாத்துக் கட்டியிருக்காவ. வாசப்படியில காலு தட்டி விழுந்து சாவுறோம். அத யாரும் பாக்கல்ல.” எத்தனை வருஷமாகக் கடலுக்குப் போகிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். சிரித்தார். வாசலுக்கு வெளியே எஞ்சினை அடக்கி நிறுத்திக்கொண்டு, பெரிய அலைக் கூட்டம் வந்து போகட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்களாம். இடைவெளி கிடைத்ததும் ஒரே ஓட்டம். எண்ணிக்கை தப்பினால் போச்சு. பெரிய அலைகள் தனித்தனியாக வராமல் கூட்டமாக வரும் என்பதை விஞ்ஞானிகளும் தனி அத்தியாயமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவர் அதை விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறார்.

வாசலில் என்ன நடக்கிறது? இங்கேதான் என் பி.காம். கொஞ்சம் உதவுகிறது. வியாபாரக் கணக்கில் ஆரம்ப இருப்பு என்று ஒன்று உண்டு, இறுதி இருப்பு என்று ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் தேதி குடோனில் நூறு மூட்டை இருந்தது என்பதை வைத்துக்கொண்டே வருடம் முழுக்க நூறு மூட்டை இருப்பதாக எழுதினால் ஆடிட்டர் பேனாவைத் தூக்கி எறிவார். அலைக் கணக்கில் கட்டத்துக்குக் கட்டம் நிரப்புகிறார்களே ஆழம், அது சர்வே எடுத்த நாளின் ஆழம். அதாவது ஆரம்ப இருப்பு. கம்ப்யூட்டருக்குள் அந்தத் தரை அசையாது. நிஜக் கடலில் அது மணல். கரையை ஒட்டி மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் குறுக்கே ஒரு சுவரைக் கட்டியவுடன் ஒரு பக்கம் குவிகிறது, மறுபக்கம் அரிக்கிறது, சுவரின் முனையைச் சுற்றி வாசலுக்குள் புகுந்து மேடு போடுகிறது. ஒரு தென்மேற்குப் பருவமழை போதும், தரை வேறு தரையாகிவிடும்.

ஆழம் குறைந்தால் என்ன ஆகும்? ஓர் அலை, தன் உயரத்தைவிடக் கொஞ்சம் மட்டுமே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் தலைகுப்புற உடையும். இரண்டு மீட்டர் அலைக்குச் சுமார் இரண்டரை மீட்டர் ஆழம். ஐந்து மீட்டர் ஆழமுள்ள வாசலில் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகிற அதே அலை, மணல் மேடேறி இரண்டரை மீட்டரான வாசலில் படகின் மேலேயே வந்து விழும். எதிரே ஆற்று வெள்ளமோ வற்று நீரோ கடலை நோக்கி வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் அலை இன்னும் குறுகி, இன்னும் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். நான் மேலே சொன்ன டச்சுக்காரரின் சமன்பாடு இருக்கிறதே, அதன் அடிப்படை வடிவத்தில் அலை உடைவதே கிடையாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நீரோட்டத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். மணல் நகர்வதற்கு முற்றிலும் வேறொரு மாடல். இவையெல்லாம் நிபுணர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதற்கான கருவிகளும் இருக்கின்றன. எந்தத் துறைமுகத்துக்கு எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் உங்களுக்கும் எனக்கும் அந்தப் படகில் இருப்பவருக்கும் தெரியாது.

உள்ளே அனுப்புகிற அலையும் அப்படித்தான். எந்த மாதத்து அலை? எத்தனை வருடத்து அலை? கேரளக் கரையிலும் குமரியிலும் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்று வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை திருடன் மாதிரி வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அது கொண்டு போனது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அதாவது கணக்கு சரியாகத்தான் இருந்தது, அது கரையில் நின்ற பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை. அந்த மாதிரி நெடிய அலை ஒரு துறைமுக வாசலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று எந்த ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? யாராவது சொல்லுங்களேன்.

ஒரு சாவு விழுந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் மனப்பாடம். மறியல். பேச்சுவார்த்தை. நிவாரணத் தொகை. பிறகு ‘தூண்டில் வளைவை மேலும் இத்தனை மீட்டர் நீட்ட இத்தனை கோடி’ என்று அறிவிப்பு. ஆளுங்கட்சியும் இதைத்தான் சொல்லும், எதிர்க்கட்சியும் இதைத்தான் கேட்கும். ஊர்க்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், பாவம், வேறு எதுவும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. வாசலைக் குறுக்கினால் அலை குறையும் என்பது நம் எல்லாருடைய பொதுப்புத்தி. அதுவும் எப்போதும் சரியில்லை என்று 1961லேயே மைல்ஸ், மங்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். துறைமுகம் ஒரு பாட்டில் மாதிரி. வாயில் ஊதினால் பாட்டில் ஒரு சுருதியில் முனகும் அல்லவா? துறைமுகத்துக்கும் அப்படி ஒரு சுருதி உண்டு, நிமிஷக் கணக்கில். வெளியிலிருந்து வரும் நெடிய அலை அந்தச் சுருதியோடு சேர்ந்துவிட்டால் உள்ளே தண்ணீர் ஊஞ்சலாடும். அப்போது வாயைக் குறுக்கினால் உள்ளே போன ஆட்டம் வெளியேற வழியில்லாமல் இன்னும் அதிகமாகும். ‘துறைமுக முரண்’ என்றே இதற்குப் பெயர்.

காகித விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினின் மெனோர்கா தீவில் சியூதாதெய்யா என்று ஒடுக்கமான, அழகான, நாலு பக்கமும் பாதுகாப்பான ஒரு துறைமுகம். 2006 ஜூன் 15 அன்று, பூகம்பமோ புயலோ இல்லாமல், காற்றழுத்தத்தில் ஏற்பட்ட ஒரு சின்னத் துடிப்பினால் அங்கே தண்ணீர் சுமார் நான்கு மீட்டர் இறங்கி ஏறியது. நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் நொறுங்கின. நம் சிறு துறைமுகங்களுக்கு அதே கதி வரும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கணக்குப் போடாமல், பழைய கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்காமல், மேடையில் நின்றுகொண்டு ‘நூறு மீட்டர் நீட்டுவோம்’ என்று சொல்லக்கூடாது என்கிறேன்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு நம் சென்னைத் துறைமுகமே சாட்சி. 1876ல் கட்ட ஆரம்பித்தார்கள். முடியப் போகிற நேரத்தில் 1881 நவம்பர்ப் புயல் வந்து சுவர்களைப் பிய்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். வாசல் கிழக்கே நேராகக் கடலைப் பார்த்து இருந்தது, அலை அப்படியே உள்ளே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் புது வாசல் வைத்தார்கள். தெற்கே குவிந்த மணலில் நமக்கு மெரினா பெரிதாகிக் கிடைத்தது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. நீங்கள் மெரினாவில் சுண்டல் சாப்பிடும் மணலுக்கும் ராயபுரத்துக்காரர் இழந்த தெருவுக்கும் ஒரே வவுச்சர்தான். கட்டிப் பார்த்து, இடிந்து, திருத்தி, முப்பது வருடம். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு வழி இருக்கிறது. இருந்தும் தேங்காப்பட்டணத்திலும் முதலப்பொழியிலும் அதே பழைய முறையில், ஆளை விட்டுத்தான் சோதனை நடக்கிறது.

தோற்றதை எப்படி வெளியே வைப்பது என்பதற்கும் உதாரணம் உண்டு. போர்ச்சுகலில் சீனிஷ் என்ற துறைமுகம். இரண்டு கிலோமீட்டர் நீள அலைத்தடுப்பு. ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டைகள். 1978 பிப்ரவரியில், எந்த அலையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்களோ அதைவிடச் சிறிய அலையிலேயே அது சிதறிப் போனது. என்ன செய்தார்கள்? ஏன் தோற்றது என்று ஆராய்ந்து, அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1982ல் புத்தகமாகவே போட்டது. உலகம் முழுக்க அலைத்தடுப்பு கட்டுகிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அந்தத் தொழிலே அதனால் திருந்தியது. நம் ஊரில் ஒரு துறைமுகம் தோற்றால் அதன் ரிப்போர்ட் எங்கே இருக்கும்? இரும்பு பீரோவில். சாவி லீவில் போயிருக்கும்.

‘பொதுமக்களுக்குப் புரியாது, பீதி கிளம்பும்’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். சார், கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டும்தான் ஷேர் வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புரியாது. அதற்காக அச்சடிக்காமல் விடுகிறோமா? புரிந்த ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார். ஆழக் கணக்கையும் அலைக் கணக்கையும் வெளியில் வைத்தால் கடல்சார் பொறியியல் படிக்கிற ஒரு மாணவி ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து சரிபார்த்துவிடுவாள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் ‘ஸ்வான்’ என்ற அலை மாடலை இலவசமாகவே கொடுக்கிறது. மென்பொருள் சும்மா கிடைக்கிறது, நம் கடலின் ஆழத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2006ம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன்னால் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும். சுருக்கத்தை மட்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்குக் குறைவாக மீன் கையாளும் துறைமுகம் என்றால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வராது. அலை மாடல் சங்கதியெல்லாம் ஆங்கிலத்தில், இணைப்பில், நீலப் படங்களோடு இருக்கும். வாசலில் சாகக்கூடிய ஆளுக்குச் சுருக்கம், ஏசி அறையில் இருப்பவருக்கு விவரம்.

நான் கேட்பது ரொம்பப் பெரிசு ஒன்றும் இல்லை. எந்த அலையை, எந்த வருடத்து ஆழத்தில் விட்டுப் பார்த்தார்கள் என்ற முழு விவரத்தோடு ரிப்போர்ட்டை, நிதி ஒதுக்குகிற அன்றே வெளியிடட்டும். வாசலைப் பற்றித் தனியாக, தமிழில், நாலு பக்கம் எழுதட்டும். பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை வாசலின் ஆழத்தை அளந்து ஏலக்கூடத்துச் சுவரில் போர்டு எழுதிப் போடட்டும். மீன் விலையை எழுதுகிற சாக்பீஸே போதும். கட்டி முடித்து ஒரு வருடம் கழித்து, மாடல் சொன்னது என்ன, கடல் செய்தது என்ன என்று இரண்டு பத்தியாகப் போட்டு, கட்டியவர்களும் மாடல் போட்டவர்களும் அல்லாத மூன்றாவது ஆள் கையெழுத்துப் போடட்டும். அதோடு அந்தக் குழுவில், வாசலுக்கு வெளியே அலை எண்ணத் தெரிந்த இரண்டு பேராவது இருக்கட்டும். சம்பளம் கொடுத்து.

ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் அலை ஆய்வு ரிப்போர்ட்டைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் நானே விண்ணப்பம் போட்டேன். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று இப்போதைக்குச் சொல்லவில்லை. முப்பது நாளுக்குள் பதில் வந்துவிட்டது, அதைப் பாராட்ட வேண்டும். 8(1)(டி) பிரிவின் கீழ் ‘வர்த்தக ரகசியம்’ என்பதால் தர இயலாது என்று ஒன்றரை வரி. எந்த வியாபாரியின் ரகசியம் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வாசலில் வியாபாரம் செய்கிறவர்கள் மீனவர்கள் மட்டும்தான். மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் வந்தால் எந்த வார்த்தையையும் வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன். வராவிட்டால், எத்தனை நாளாக வரவில்லை என்பதைப் போடுகிறேன்.